மெஷின் மாட்டின தம்பி

மருந்துக்கடை முதலாளி அழுதுகொண்டிருந்தார். கண்ணாடி அலமாரிப் பக்கம் திரும்பி நின்று, இருமல் மருந்து பாட்டில்களை அடுக்கியபடியே அழுதார். கடைக்கு வந்திருந்த இரண்டு பேருக்கு அது தெரியவில்லை. துப்பறியும் தொழிலில் இருப்பதால் எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

“அழுது முடிச்சிட்டுச் சொல்றீங்களா, சொல்லிக்கிட்டே அழறீங்களா?” என்று கேட்டேன். “ரெண்டாவதுன்னா நேரம் மிச்சம்.”

“ஸ்பீக்கர்!” என்றார் மேடம். வாயை மூடு என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

என் வாயை முன்னிட்டு அவர் வைத்த பெயர் அது. அவரை வெளியே எல்லோரும் சர்வேயர் என்பார்கள். இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் இடிந்த சுவர்களையும் போய்ப் பார்த்து, எது தானாக எரிந்தது, எது எரிக்கப்பட்டது என்று எழுதிக் கொடுத்தவர். அலுத்துப்போய் வேலையை விட்டு, சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தார். ஐம்பது வயது, ஒல்லி உடம்பு, ஒரு பழைய ஸ்கூட்டர். ஒன்றரை வருஷமாக அந்த ஸ்கூட்டரின் பின் சீட்டில் நான்.

முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். காலை பதினோரு மணிக்கு ஒரு பெண்மணி தன் வீட்டுக்காரருக்கு இதய மாத்திரை வாங்க வந்தார். இவர் பாட்டிலைத் திறந்து, முப்பது மாத்திரை எண்ணி, கவரில் போட்டுக் கொடுத்தார். மதியம் இரண்டரைக்குத்தான் தெரிந்தது, திறந்தது பக்கத்துப் பாட்டிலை. அதே வெள்ளை, அதே அளவு. வீரியம் மட்டும் பத்து மடங்கு.

“முப்பது வருஷத்துல முதல் தப்பு மேடம்.”

“முதல் மாத்திரை எப்போ போடணும்?”

“இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு. என் கையாலேயே கவர் மேல எழுதிக் குடுத்தேன்.”

“போட்டா?”

“ஏற்கெனவே பலவீனமான இதயம். காலையில எந்திரிப்பாருன்னு என்னால சொல்ல முடியாது.”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று பத்து.

டாக்டர் சீட்டு அந்தப் பெண்மணியின் கையோடு போய்விட்டது. விலாசம் கிடையாது. தள்ளுபடி அட்டைக்காக பில்லில் அடித்த மொபைல் எண் ஒன்றுதான் பாக்கி. போலீஸ் ஸ்டேஷனுக்கும் போயிருக்கிறார். எண்ணை வைத்து விலாசம் எடுக்க மேலே அனுமதி வாங்க வேண்டும், நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

“கூப்பிட்டீங்களா?”

“பதினாலு தடவை,” என்றாள் கவுன்ட்டரில் இருந்த பெண். “அரை ரிங் போகுது, கட் ஆயிடுது. மெசேஜும் அனுப்பிட்டேன், பார்க்கலை. இது இன்னிக்குப் புதுசு இல்லை மேடம். எட்டு மாசம் முன்னாடி இந்தப் புது கனெக்‌ஷன் வாங்கினதுல இருந்தே இதே கதைதான். ‘உங்க மருந்து வந்திருக்கு’ன்னு சொல்லக் கூப்பிட்டா பத்துல ஒருத்தர்தான் எடுக்கறாங்க. அங்கே பாருங்க.”

அவள் காட்டிய தட்டில் பேர் எழுதிய காகிதக் கவர்கள் நெருக்கியடித்து நின்றன. சர்க்கரைக்கு, தைராய்டுக்கு, குழந்தையின் வலிப்புக்கு. வரவழைத்து வைத்த மருந்துகள். வந்துவிட்டது என்று சொல்ல வழியில்லாமல் தூசி படிந்து கிடந்தன.

மேடம் தன் போனுக்கு ஒரு அழைப்பு போடச் சொன்னார். கடை போனிலிருந்து அழைப்பு வந்ததும் அவருடைய திரை சிவப்பானது. ‘ஏமாற்று அழைப்பாக இருக்கலாம். 214 பேர் புகார் செய்துள்ளனர்.’ அதற்குக் கீழே கடையின் எண்.

எனக்குக் காது சூடாயிற்று.

“ஸ்பீக்கர், உன் போன்ல இருந்து அந்தம்மாவைக் கூப்பிடு,” என்றார் மேடம்.

கவுன்ட்டர் பெண் பில்லைப் பார்த்து எண்ணைச் சொல்ல ஆரம்பித்தாள். ஐந்து இலக்கம் சொல்வதற்குள் யாரோ தலைவலித் தைலம் கேட்டார்கள், அவள் எழுந்து போனாள். நான் அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன்.

இந்தத் தடவை ஒரு குரல் எடுத்தது. மனுஷக் குரல் இல்லை. “நீங்கள் அழைத்தவர் சார்பாகப் பேசுகிறேன். உங்கள் பெயரையும் அழைத்த காரணத்தையும் சொல்லுங்கள்.”

“முதலாளியம்மா வீட்டு வாட்ச்மேன் போல,” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கிற நிலையில் இல்லை.

மேடம் போனை வாங்கித் தெளிவாகப் பேசினார். “காலையில வாங்கின மாத்திரை தப்பான மாத்திரை. உங்க வீட்டுக்காரருக்குக் குடுக்காதீங்க. தயவுசெஞ்சு போனை எடுங்க.” நாங்கள் காத்திருந்தோம். நாங்கள் சொன்னது அந்தப் பக்கம் திரையில் எழுத்தாக ஓடியிருக்கும். இருபது விநாடி கழித்து அந்தக் குரல், “அவர் இப்போது பேச விரும்பவில்லை. நன்றி,” என்றது.

“படிச்சிருக்காங்க,” என்றார் மேடம். “படிச்சிட்டும் வேணாம்னு சொல்லியிருக்காங்க. சரி, ஒண்ணு கவனிங்க. ஸ்பீக்கர் நம்பர்ல இருந்து போனா மெஷின் விசாரிக்குது. கடை நம்பர்ல இருந்து போனா அரை ரிங்குல செத்துப்போகுது. அப்படின்னா கடை நம்பரை அவங்க தனியா பிளாக் பண்ணியிருக்காங்க. இன்னிக்கு முன்னாடி நீங்க அவங்களை எப்பவாவது கூப்பிட்டிருக்கீங்களா?”

“இல்லையே. இன்னிக்குத்தான் முதல் தடவையா வந்தாங்க.”

“கூப்பிடாத நம்பரை யாரும் பிளாக் பண்ண மாட்டாங்க. அதனால பிளாக் பண்ணது உங்களை இல்லை. உங்களுக்கு முன்னாடி இந்த நம்பரை வச்சிருந்த ஆளை.”

முதலாளி வாயைப் பிளந்தார். மேடம் அந்த 214 பேரின் புகார்களைத் திறந்து கவுன்ட்டர் பெண்ணிடம் கொடுத்தார். அவள் பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பதுபோல் சத்தமாக வாசித்தாள்.

“‘தண்ணீரைச் சுத்தம் செய்யும் மெஷின் மோசடி. எடுக்காதீர்கள்.’ ‘மெஷினில் ஒரு பார்ட் கெட்டுவிட்டது, தண்ணீரில் விஷம் இறங்குகிறது, குடிக்காதீர்கள் என்று பயமுறுத்துவான். முன்பணம் வாங்கிக்கொண்டு ஆளையே அனுப்ப மாட்டான்.’ ‘நான்தாம்மா என்று ஆரம்பிப்பான். நாம் யாரென்று யூகித்துச் சொன்னால் ஆமாம் என்பான். இவனெல்லாம் ஒரு மனுஷனா?’”

அவள் வாசித்துக்கொண்டே போனாள். நான் இருமல் மருந்துகளின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு நின்றேன்.

உங்களிடம் மறைக்க எனக்குத் தெம்பில்லை. அவன் நான்தான். இரண்டு வருஷம் முன்னால் ஜன்னல் இல்லாத ஒரு ஹாலில், நாற்பது நாற்காலிகளில் ஒன்றில், தலையில் ஹெட்போனோடு உட்கார்ந்து அந்த எண்ணிலிருந்துதான் பேசினேன். ‘நான்தாம்மா’ என்ற தந்திரத்தைக் கண்டுபிடித்ததும் நான்தான். கம்பெனி பேர் சொன்னால் ஜனங்கள் வைத்துவிடுவார்கள். ‘நான்தாம்மா’ என்று உரிமையோடு சொன்னால், மறந்துபோனதற்கு அவர்கள்தான் கூச்சப்பட்டு, ‘யாரு, அவனா?’ என்று ஒரு பேரை எடுத்துக் கொடுப்பார்கள். அந்தப் பேரில் ஏறி உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான் பாக்கி.

அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. நான் பேசியதிலேயே ஒரு பேச்சைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாடமாகப் போட்டுக் காட்டுவார்கள். அந்தப் பதிவு வாடிக்கையாளரின் எண்ணோடு ஆரம்பிக்கும். நூறு தடவையாவது கேட்டிருப்பேன், கூடவே சிரித்தும் இருப்பேன். இன்று பில்லில் இருந்தது அந்த எண்.

அந்தப் பதிவில் அவர் தன் வீட்டுக்கு வழியும் சொல்லியிருந்தார்.

வாயைத் திறந்திருக்க வேண்டும். மணி மூன்றரைகூட ஆகவில்லை. திறந்தால் முதலாளிக்கும், அந்தப் பெண்ணுக்கும், மேடத்துக்கும் நான் யாரென்று தெரிந்துபோகும். முன்பு புத்தகக் கம்பெனியில் இருந்ததாக மேடத்திடம் சொல்லித்தான் வேலையில் சேர்ந்திருந்தேன். அவர் எப்படியும் வேறு வழி கண்டுபிடித்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு மனுஷன் உயிரை அடுத்தவர் சாமர்த்தியத்தில் விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஊருக்கே ஸ்பீக்கர் என்று பேர்.

மேடமும் வேறு வழியைக் கண்டுபிடித்தார்.

“அந்தம்மா எப்படி இருந்தாங்க? முகம் வேண்டாம். என்ன பண்ணாங்க, அதைச் சொல்லு.”

கவுன்ட்டர் பெண் யோசித்தாள். “கவுன்ட்டர்ல சாயவே இல்லை மேடம். காலை அகட்டிக்கிட்டு நின்னாங்க. பில்லை நீளவாக்குல மடிச்சு விரல் இடுக்குல செருகிக்கிட்டாங்க. அப்புறம் ஒரு வேடிக்கை. பின்னாடி கூட்டம் சேர்ந்துதா, திரும்பிப் பார்த்து, ‘வாசல்ல நிக்காதீங்க, உள்ளே போங்க, உள்ளே போங்க’ன்னு சத்தம் போட்டாங்க. எல்லாரும் உள்ளே வந்துட்டாங்க!”

“பஸ் கண்டக்டர்,” என்றார் மேடம். ஸ்கூட்டர் சாவி அதற்குள் கைக்கு வந்திருந்தது.

பஸ் டிப்போவில் டீசல் வாசனையும் ஈரத்தரையும். டைம் கீப்பர் காதில் பென்சில் செருகியிருந்தார். அதைத் தேடிக்கொண்டும் இருந்தார். எடுத்துக் கொடுத்தேன். வேறு நாளாக இருந்தால் அதற்கு ஒரு ஜோக் அடித்திருப்பேன்.

மேடம் அடையாளம் சொன்னதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. “‘உள்ளே போங்க’ அம்மாவா! காலை ஷிப்ட். பத்தரைக்கே டியூட்டி முடிஞ்சு போயாச்சு.”

“வீடு?”

“தெரியாதுங்க. மாத்தலாகி வந்து இருபது நாள்தான் ஆகுது. ஃபைல் இன்னும் பழைய டிப்போவில இருந்து வரலை. அங்கே ஆபீஸ் நாலு மணிக்கே பூட்டிடுவாங்க.” மணி நாலு இருபது.

“நீங்க போன் பண்ணுங்க. டிப்போன்னா எடுப்பாங்க.”

அவர் சிரித்தார். “நீங்க வேற. ஷிப்ட் மாறினாக்கூட அந்தம்மாகிட்ட நேர்லதான் சொல்லணும். போன்ல கூப்பிட்டா மெஷின் நம்மளை விசாரிக்கும். போன வாரம் பாருங்க, நான் அவசரத்துல ‘நான்தாம்மா’ன்னு சொல்லித் தொலைச்சிட்டேன். என் நம்பரையே பிளாக் பண்ணிட்டாங்க. மறுநாள் வந்து மன்னிப்பு வேற கேட்டாங்க. யாரோ ஒருத்தன் முன்னாடி போன்ல நல்லா ஏமாத்திட்டானாம். வீட்டுக்காரரு படுத்த படுக்கை. பாவம்.”

இருந்தாலும் இன்னொருத்தர் போனை வாங்கி முயற்சி செய்தார். “டிப்போ! டிப்போவில இருந்து!” என்று மெஷினிடம் கத்தினார். மெஷின் நன்றி சொல்லி வைத்தது.

மேடம் விடவில்லை. ஓட்டுநர்கள் அறையில் ஒவ்வொருவராகக் கேட்டார். கேன்டீனில் கேட்டார். கழுவுகிற இடத்தில் பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தவரைக்கூடக் குனிந்து கேட்டார். யாருக்கும் வீடு தெரியவில்லை. நான் அவர் பின்னாலேயே நடந்தேன். எல்லோர் முகத்தையும் பார்த்தேன், மேடம் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

நாலு ஐம்பதுக்கு ஸ்கூட்டரிடம் திரும்பி வந்தோம். அவர் ஹெல்மெட்டை மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. வழி தீர்ந்துபோன மனுஷி நிற்கிற மாதிரி நின்றார்.

“மேடம்,” என்றேன். “எனக்கு வீடு தெரியும்.”

“தெரியும்,” என்றார்.

“என்ன தெரியும்?”

“உனக்குத் தெரியும்னு தெரியும். கடையில அந்தப் பொண்ணு அஞ்சு நம்பர்தான் சொன்னா. நீ பத்தும் போட்டே.”

“அப்பவே ஏன் கேட்கலை?”

“உன் அம்மாவோ அக்காவோன்னு நினைச்சேன். ஏதோ மனஸ்தாபம், பேச்சுவார்த்தை இல்லை, இத்தனை பேர் முன்னாடி கேட்டா உனக்கு அவமானம்னு நினைச்சேன். தானா சொல்லுவேன்னு விட்டேன். என் தப்புதான். வண்டியில ஏறு, வழியில பேசிக்கலாம்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் எனக்கு ஒரு குடும்பத்தையே கொடுத்து, அதன் மானத்தையும் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறார்.

“உறவு இல்லை மேடம்,” என்றேன். “அந்தப் பொண்ணு வாசிச்சாளே, ‘இவனெல்லாம் ஒரு மனுஷனா’ன்னு. அது நான்தான்.”

அவர் திரும்பிப் பார்த்தார். ஹெல்மெட்டை மாட்டி வண்டியைக் கிளப்பினார். முதல் சிக்னலில், “வலதா, இடதா?” என்றார்.

இடது. இரும்புப் பாலத்துக்குக் கீழே போய், பல் டாக்டர் போர்டு மாட்டிய கட்டடம், மூன்றாவது மாடி. ‘லிஃப்ட் கிடையாது தம்பி, பார்த்து ஏறி வா,’ என்று பதிவில் சொல்வார். ஹாலில் அந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். பாலத்துக்கு முன்னால் நெரிசலில் கால் மணி நேரம் நின்றோம். மருந்துக்கடை முதலாளிக்கு மேடம் போன் செய்தார். ஆட்டோ பிடித்துக் கிளம்பிவிட்டார், ஆனால் ஊரின் அந்தக் கோடியிலிருந்து வரவேண்டும். ஆறே கால் ஆகும் என்றார்.

நாங்கள் மாடி ஏறும்போது மணி ஐந்து நாற்பத்தைந்து. முதல் மாடித் திருப்பத்தில் ஒரு காலித் தண்ணீர் கேன் இருந்தது. மூன்றாவது மாடியில் கதவுக்குப் பக்கத்தில் இரண்டு நிறைந்த கேன்கள். நான் அப்போது அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. அறுபதை நெருங்கும் பெண், அகன்ற தோள், சுருக்கென்று தைக்கும் கண்.

“யாரு? என்ன விஷயம்?”

மேடம் மூச்சு வாங்கியபடியே எல்லாவற்றையும் சொன்னார். கடைப் பேர், பாட்டில், பத்து மடங்கு, ஆறு மணி. அந்த அம்மா முழுதும் கேட்டார்.

“மாத்திரையில கோளாறு. வீட்டுக்காரருக்குக் குடுக்காதீங்க. நாங்க ஆளை அனுப்பி வேற தர்றோம். அதானே?”

“ஆமா.”

“போன்ல பேசினப்போ பலிக்கலை, நேர்லயே வந்துட்டீங்க. இதே பாட்டை ஒருத்தன் பாடி நான் கேட்டுட்டேன். மாத்திரையைக் கவரோட பிடுங்கிட்டுப் போகத்தானே? இந்த மருந்து ஒரு வேளை தப்பினாலும் அவருக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. போயிட்டு வாங்க.”

“பத்து மடங்கும்மா. கடைக்காரரே அரை மணியில வந்துடுவாரு. அதுவரைக்குமாவது...”

கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது. மேடம் இரண்டு கையாலும் கதவைத் தட்டினார். உள்ளே ஒரு டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. மேடம் என்னைப் பார்த்தார். இந்த ஒரு தடவை, வாயைத் திற என்று கேட்டார். பேர் சொல்லிக் கூப்பிடாமலே கேட்டார்.

கதவுக்கு வெகு அருகே போனேன். என் மூச்சு மரத்தில் பட்டுத் திரும்பியது.

“நான்தாம்மா,” என்றேன்.

உள்ளே சத்தம் நின்றது.

“மெஷின் மாட்டின தம்பின்னு அன்னிக்கு நீங்களே சொன்னீங்க. நான் ஆமாம்னேன். நான் எந்தத் தண்ணி மெஷினும் மாட்டினதில்லைம்மா. உங்களை எனக்கு முன்னே பின்னே தெரியாது. போன்ல பொய் சொல்லிப் பிழைச்சவன். நாற்பத்திரண்டு நிமிஷம் என்கிட்ட நல்லபடியா பேசினீங்க. வெயில்ல அலையாதே தம்பின்னு சொன்னீங்க. அதைப் போட்டுக் கேட்டு நாங்க சிரிச்சோம்.” நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டேன். “அன்னிக்குச் சொன்னது பொய். இன்னிக்கு அவங்க சொல்றது நிஜம். திரும்ப ஏமாத்த வர்றவன், நான்தான் அவன்னு சொல்லிக்கிட்டு வருவானாம்மா? போலீஸைக் கூப்பிடுங்க, நான் இங்கேயே நிக்கறேன். மாத்திரையை மட்டும் குடுக்காதீங்க.”

ரொம்ப நேரம் ஆனது போலிருந்தது. மேடம் கடிகாரத்தைப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தாழ்ப்பாள் விலகியது. இந்தத் தடவை சங்கிலியும்.

அந்த அம்மாவின் ஒரு கையில் டம்ளர், இன்னொரு கையில் மாத்திரைக் கவர். கவரை மேடத்திடம் நீட்டினார். மேடம் வாங்கிப் பிரித்து எண்ணினார். முப்பதும் இருந்தன. மேடம் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓங்கி ஒரு அறை விழும் என்று எதிர்பார்த்தேன். விழுந்தால் நல்லது என்றும் இருந்தது.

“அப்போ,” என்றார் மெதுவாக, “அந்த மெஷின்ல?”

“ஒண்ணும் இல்லைம்மா. ஒரு கோளாறும் இல்லை.”

“அந்தத் தண்ணி?”

“நல்ல தண்ணிதாம்மா. என்னிக்குமே நல்ல தண்ணிதான்.”

அவர் கண் என்னைத் தாண்டி, வாசலில் இருந்த இரண்டு கேன்களுக்குப் போனது. பிறகு படிக்கட்டுக்கு. டியூட்டி முடிந்து வந்து, மூன்று மாடி, ஒரு கையில் ஒரு கேன், தினமும், குடிக்காதீர்கள் என்று நான் சொன்ன நாளிலிருந்து. இரண்டு வருஷம். டம்ளரைப் பிடித்திருந்த கை தாழ்ந்துகொண்டே போய், தண்ணீர் என் செருப்பின் மேல் வழிந்தது.

“யாரு?” உள்ளேயிருந்து மெலிந்த ஆண் குரல் கேட்டது.

“ஒண்ணுமில்லைங்க.” அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். நோயாளிக்கு அதிர்ச்சி கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. “மெஷின் மாட்டின தம்பி வந்திருக்கு.”

“வந்துட்டாரா!” அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம். “நான்தான் சொன்னேன்ல, பாவம், ஏதோ வேலையா இருப்பாரு, கண்டிப்பா வருவாருன்னு. நீதான் அந்தப் புள்ளையைத் திட்டிக்கிட்டே இருந்தே. வெளியே நிக்க வைக்காதே, உள்ளே கூப்பிடு.”

அந்த அம்மா கதவை முழுதாகத் திறந்து ஒதுங்கி நின்றார். நான் ஈரச் செருப்பைக் கழற்றினேன்.